நாலாவது பத்தியை நிரப்புங்கள்

வெளிநாட்டு நிதி கேட்டு முதன்முதலாகத் திட்டம் எழுத உட்காரும் களப்பணியாளருக்கு இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் பழைய சங்கதி ஒன்றைக் கேளுங்கள்.

1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில், உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஊரிலேயே ஒரு பெண்ணைப் பணியாளராக அமர்த்தி, கையில் தராசைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்து, அட்டையில் புள்ளி வைப்பது அவர் வேலை. எடை சரியாக ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை, தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உண்டு, என் பிள்ளைக்கு இல்லையா என்று கேட்கும் தாய்க்குப் பதில் சொல்வதும், வீட்டில் என்ன ஊட்டலாம் என்று சொல்லித் தருவதும் அவரே. கடும் ஊட்டக்குறைவு கண்கூடாகக் குறைந்தது.

1995-இல் வங்கதேசம் இதைப் பார்த்து, உலக வங்கிக் கடனிலேயே தன் திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதாந்திர எடை, தாய்க்கு அதே ஆலோசனை. பணியாளர்கள் சும்மா இருக்கவில்லை. தாய்மார்களும் சொன்னதைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவு பின்னால் கணக்குப் பார்த்தபோது, பிள்ளைகளின் உடம்பில் எதிர்பார்த்த மாற்றம் இல்லை. அங்கே பல கிராமங்களில் சந்தைக்குப் போவது கணவன். மாமியார் இருக்கும் வீட்டில், யார் தட்டில் எவ்வளவு விழும் என்பது மாமியார் தீர்ப்பு. ஆலோசனை சரிதான், அது போய்ச் சேர்ந்த காது வேறு. மையத்தில் கொடுத்த உணவும் சில வீடுகளில் கூடுதலாகச் சேராமல், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஈடாகப் போய்விட்டது.

“பிள்ளைக்கு என்ன ஊட்டுவது என்பது தாயின் கையில்” என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் எழுதவே தோன்றாத ஒரு வரி. நம் திட்டங்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இப்படி எழுதாமல் விட்ட வரிதான். அதை எழுதவைக்கும் வழிகளையே கீழே சொல்கிறேன்.

எழுதும் முன் ஊருக்கு

“உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்காதீர்கள். தண்ணீர் வேலை செய்யும் நிறுவனம் என்று தெரிந்தால் தண்ணீர்தான் பிரச்சினை என்பார்கள். கடன் கொடுக்கும் நிறுவனம் என்றால் கடன். விருந்தாளியை ஏமாற்றி அனுப்ப யாருக்கும் மனம் வராது. நேற்றைப் பற்றிக் கேளுங்கள்: நேற்று என்ன சமைத்தீர்கள், சாமான் யார் வாங்கி வந்தார், காசு யார் கொடுத்தது, கடைசியாக யார் சாப்பிட்டது? வங்கதேசத்தில் இப்படிக் கேட்டிருந்தால் மாமியார் கண்ணில் பட்டிருப்பார். காலையில் குழாயடிக்கு ஒரு முறை போங்கள், ஆண்கள் வேலை முடிந்து திரும்பிய பின் இன்னொரு முறை. தலைவர் வீட்டுத் திண்ணையில் நடக்கும் கூட்டம் ஊர்க்கூட்டம் ஆகாது.

1990-களில் கென்யாவின் கிராமப் பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல் கொடுத்துப் பார்த்தார்கள். பொதுவாகத் தேர்வு மதிப்பெண் ஏறவில்லை. ஏற்கெனவே முன்வரிசையில் இருந்த பிள்ளைகளுக்கு மட்டும் பயன்பட்டது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. இந்த ஆய்வில் இருந்த மைக்கேல் கிரெமர் 2019-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லியிருந்தால், ஒரு மத்தியான நேரத்தில் பாதி விஷயம் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

லாக்ஃபிரேம்

பெரும்பாலான நிதி நிறுவனங்கள் லாக்ஃபிரேமைக் கேட்கும். 1969-இல் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமாக இருந்த யுஎஸ்எய்டுக்காக லியோன் ரோசன்பர்க் குழுவினர் உருவாக்கிய அட்டவணை இது. நாலு வரிசை, நாலு பத்தி. கீழ் வரிசையில் நாம் செய்யும் வேலை. அதற்கு மேல் அந்த வேலையால் கைக்கு வருவது. அதற்கு மேல் அதனால் மக்களிடம் நேரும் மாற்றம். உச்சியில் அந்த மாற்றம் கொண்டுசேர்க்கும் பெரிய நோக்கம். முதல் பத்தியில் இவற்றை விவரிக்க வேண்டும். இரண்டாவதில் அளவுகோல், மூன்றாவதில் அந்த அளவு எந்தப் பதிவேட்டில் கிடைக்கும் என்ற விவரம். நாலாவது பத்தி, அனுமானங்கள்.

மூன்று பத்திகளை ராத்திரி கண்விழித்து எழுதிவிட்டு, நாலாவதில் “மழை பொய்க்காது, அரசு ஒத்துழைக்கும்” என்று எழுதி அனுப்புவதுதான் வழக்கம். நானும் அனுப்பியிருக்கிறேன். தலைகீழாகச் செய்து பாருங்கள். கீழ் வரிசையிலிருந்து மேலே ஏறும் ஒவ்வொரு படியிலும் “இது நடந்தால் அது நடக்கும், ஆனால் எதை நம்பி?” என்று கேளுங்கள். பதில் எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும் எழுதுங்கள். பிறகு பிரியுங்கள். உறுதியாக நடக்கும் என்பதை அடித்துவிடலாம். நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்பதை மாதாமாதம் கண்காணிக்க வேண்டியவற்றில் சேருங்கள். நடக்காது, நடக்காவிட்டால் திட்டமே விழும் என்று ஒன்று இருந்தால் புரொபோசலை அனுப்பாதீர்கள், திட்டத்தை மாற்றுங்கள்.

ஆப்பிரிக்காவில் பிளேபம்ப் என்று ஒன்று வந்தது. பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும். 2010-க்குள் 4,000 பம்பு நிறுவுவது இலக்கு. 2006-இல் அமெரிக்க அரசும் தனியார் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் அறிவித்தன. “பிள்ளைகள் நாள் முழுக்கச் சுற்றுவார்கள்” என்ற அனுமானத்தை யாரும் உரசிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பெண்களே அந்த ராட்டினத்தைத் தள்ள வேண்டியிருந்தது.

எதை எண்ணுவது

சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் ஒரு குப்பத்தில் தையல் பயிற்சித் திட்டத்தைப் பார்த்தேன். “பயிற்சி முடித்தோர், மெஷின் பெற்றோர்” என்ற இரண்டு இலக்கும் நூற்றுக்கு நூறு. தெருவெல்லாம் மெஷின். எல்லார் வீட்டிலும் மெஷின் இருக்கும்போது யார் யாருக்குத் தைத்துக் கொடுப்பது? அதை எண்ண ஒரு கட்டமும் படிவத்தில் இல்லை. “பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து, போன மாதம் தையலில் எவ்வளவு சம்பாதித்தீர்கள்” என்ற ஒரே கேள்வி போதும். அளவுகோல் நாலைந்துக்கு மேல் வேண்டாம்.

தொடக்கக் கணக்கை, அதாவது பேஸ்லைனை, வேலை தொடங்கும் முன் எடுங்கள். முதல் தவணைப் பணம் தாமதமாக வருவதால் இது எப்போதும் பின்னுக்குப் போகும், போகவிடாதீர்கள். இறுதிக் கணக்கையும் அதே மாதத்தில் எடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் வேலையில்லாத நாளில் தொடங்கி, தை அறுவடை முடிந்த கையோடு முடித்தால், எந்தத் திட்டமும் வெற்றி பெற்றதுபோலத்தான் தெரியும். முடிந்தால் திட்டம் போகாத, இதே மாதிரியான இரண்டு ஊர்களிலும் எண்ணுங்கள்.

பணம்

இந்தியாவில் வெளிநாட்டு நிதி பெற எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். 2020 திருத்தத்துக்குப் பின் பணம் முதலில் டெல்லி நாடாளுமன்றத் தெருவிலுள்ள ஸ்டேட் வங்கிக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வந்த நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. பெரிய நிறுவனம் வாங்கி, சிறிய நிறுவனங்கள் களத்தில் செலவழித்த பழைய முறை இதோடு நின்றது. கூட்டாளி நிறுவனத்தை நம்பித் திட்டம் எழுதுகிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டறிக்கை டிசம்பர் 31-க்குள் போக வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால் பட்ஜெட் போடும் நாளிலேயே ஆடிட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது

கொட்டாம்பட்டி அட்டையின் அருமை, எண்ணை எழுதியவரே அதை வைத்து அன்றைக்கே முடிவெடுத்தார் என்பதில் இருக்கிறது. புள்ளி ஏறவில்லை, உருண்டை கொடு. நம் ரிப்போர்ட் களத்திலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து சென்னைக்கும், பிறகு கடல் தாண்டியும் போகிறது, திரும்பி வருவதில்லை. உங்கள் படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரே “இந்த எண் குறைந்தால் இங்கேயே யார் என்ன செய்வார்” என்று எழுதிப் பாருங்கள். பதில் வராத கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

மாதக் கூட்டத்தில் நாலாவது பத்தியை உரக்கப் படியுங்கள். ஏதாவது ஒரு அனுமானம் பொய்த்திருந்தால், நிதி நிறுவனத்துக்கு உடனே கடிதம் எழுதுங்கள். நடுவழியில் மாற்றம் கேட்டால் கோபிப்பார்கள் என்று பயப்படுகிறோம். மூன்றாம் ஆண்டு முடிவில் சொல்லும்போதுதான் கோபம் வரும்.

மதிப்பீடு

பணக்கார நாடுகளின் ஓஇசிடி அமைப்பு 1991-இல் வகுத்த ஐந்து கேள்விகளைத்தான் மதிப்பீட்டாளர்கள் இன்றும் கேட்கிறார்கள். தேவைக்குப் பொருந்தியதா, நினைத்தது நடந்ததா, செலவுக்கு ஏற்ற பலனா, வாழ்வில் என்ன மாறியது, நிதி நின்ற பின்னும் நிலைக்குமா? மற்றத் திட்டங்களோடு இசைந்ததா என்ற ஆறாவது கேள்வி 2019-இல் சேர்ந்தது. எந்த ஊருக்கு மதிப்பீட்டாளரை அழைத்துப் போவது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நல்ல ஊருக்கே ஜீப் போகும் பழக்கம் நம் எல்லாரிடமும் உண்டு.

நினையாமல் விளைந்ததையும் தேடச் சொல்லுங்கள். வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கைத் தவிர்க்க 1970-களில் யுனிசெஃப் உதவியோடு ஏராளமாகக் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். கிருமி இல்லாத தண்ணீர். அதில் ஆர்செனிக் இருக்கிறதா என்று அப்போது யாரும் சோதிக்கவில்லை. 1993-இல் தெரிந்தது. பிறகு கிணறு கிணறாகச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் பூசினார்கள்.

கைமாற்றுவது

நம் ஊர் அடிபம்பு இந்தியா மார்க் 2 கூட யுனிசெஃப் துணையோடு வந்ததுதான். சென்னை ரிச்சர்ட்ஸன் அண்ட் க்ருடாஸ் தொழிற்சாலையில் செய்து, 1970-களில் கோயம்புத்தூர்ப் பக்கம் களத்தில் சோதித்தார்கள். எளிதில் உடையாத பம்பு. ஆனால் உள்ளே வாஷர் தேய்ந்தால், குழாய்களை ஒவ்வொன்றாக மேலே தூக்க வெளியூரிலிருந்து ஆளும் கருவியும் வர வேண்டும். ஊர்க்காரரே பிஸ்டனை உருவி எடுக்கும்படி அதை மாற்றி அமைத்ததுதான் மார்க் 3.

உங்களுடையது தண்ணீர்த் திட்டம் என்றால், அது முடிய ஆறு மாதம் இருக்கும்போது, ஒரு ஊரில் ஒரு பம்பு பழுதானால் உங்கள் மெக்கானிக்கை அனுப்பாமல் இருந்து பாருங்கள். பக்கத்தில் குடிக்க வேறு தண்ணீர் இருக்கும் ஊராகப் பார்த்துக்கொள்ளுங்கள். வாஷர் வாங்க யார் கிளம்புகிறார், எந்தக் கடைக்குப் போகிறார், யார் காசு, எத்தனை நாள் ஆயிற்று என்று குறித்து வையுங்கள்.