பூச்சியம் இருக்கும் இடம் தெரிந்தால் பாதி வேலை மிச்சம்

மேல்நிலை வகுப்பில் வகையிடல் நடத்தும்போது, "இதைக் கணினியே போட்டுவிடுமே?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. போட்டுவிடும்தான். அது எப்படிப் போடுகிறது என்று காட்டினால், வகையிடலும் அணியும் ஒன்றோடொன்று சேர்வதை மாணவர்கள் காண்பார்கள். பகுதி வகைக்கெழு முடிந்ததும் ஒரே பாடவேளையில் நான் செய்யும் பயிற்சி இது.

தானியங்கு வகையிடல்

கணினி ஒவ்வொரு எண்ணையும் (மதிப்பு, மாறுவீதம்) என்ற சோடியாக வைத்துக்கொள்கிறது. கூட்டும்போது இரண்டும் தனித்தனியே கூடும். பெருக்கும்போது நம் பெருக்கல் விதிதான்: (ப, ப′) × (ம, ம′) = (பம, ப′ம + பம′). 1964-இல் வெங்கர்ட் என்பவர் இம்முறையில் இயங்கும் நிரலை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்.

கணக்கு

மாறிகள் அ, ஆ, இ, ஈ, உ. அவற்றின் மதிப்புகள் முறையே 1, 2, 3, 4, 5. சார்புகள்:

ச1 = அ² + ஆ
ச2 = அ×ஆ + இ
ச3 = ஆ×இ + ஈ
ச4 = இ×ஈ + உ
ச5 = ஈ×உ

சார்புக்கு ஒரு நிரை, மாறிக்கு ஒரு நிரல் என்று பகுதி வகைக்கெழுக்களை எழுதினால் கிடைப்பது யாக்கோபி அணி:

2 1 0 0 0
2 1 1 0 0
0 3 2 1 0
0 0 4 3 1
0 0 0 5 4

வழக்கமாக ஒரு சுற்றில் ஒரு மாறிக்கு மட்டும் மாறுவீதம் 1, மற்றவற்றுக்கு 0 என்று வைப்போம். ஒரு சுற்றுக்கு ஒரு நிரல் கிடைக்கும். ஆக 5 சுற்று. ஆனால் எந்தச் சார்பில் எந்த மாறி இல்லை என்பது கணக்கிடும் முன்பே தெரியும். அங்கெல்லாம் பூச்சியம்தான்.

கால அட்டவணை உத்தி

ஒரே ஆசிரியர் தேவைப்படும் இரு வகுப்புகளை ஒரே பாடவேளையில் வைக்க மாட்டோம் அல்லவா? அதுபோல, ஏதேனும் ஒரு நிரையில் இரண்டுக்கும் பூச்சியமற்ற உறுப்பு இருந்தால் அந்த இரு நிரல்களை ஒரே சுற்றில் வைக்கக்கூடாது. அ, ஈ நிரல்கள் எங்கும் மோதவில்லை. ஆ, உ நிரல்களும் அப்படியே. இ தனி. ஆக 3 சுற்று போதும்.

முதல் சுற்றில் அ, ஈ இரண்டுக்கும் மாறுவீதம் 1. ச4-ஐப் பாருங்கள்: (3, 0) × (4, 1) + (5, 0) = (17, 3). இப்படி ஐந்து சார்புகளுக்கும் கிடைப்பவை 2, 2, 1, 3, 5. முதல் இரண்டும் அ நிரலுக்கு, அடுத்த மூன்றும் ஈ நிரலுக்கு. வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு சுற்று கொடுத்தால் அணி முழுவதும் நிரம்பிவிடும்.

இதே அமைப்பில் 1000 மாறிகள் இருந்தால் 10 லட்சம் உறுப்புகள். பூச்சியமற்றவை 2998 மட்டுமே. அப்போதும் 3 சுற்றுதான்.

நிரல்களைச் சேர்க்கும் இந்த உத்தியை, வகைக்கெழுவைத் தோராயமாகக் காண்பதற்காக 1974-இல் கர்ட்டிஸ், பவல், ரீட் மூவரும் எழுதினர். இதுவும் வரைபட வண்ணமிடலும் ஒன்றே என்று 1983-இல் கோல்மன், மொரே விளக்கினர்.

வகுப்பில் கவனிக்க வேண்டியவை

1. அ, ஆ இரண்டையும் ஒரே சுற்றில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ச1-க்கு 3 வரும். அது 2-உம் 1-உமா, 1-உம் 2-உமா என்று பிரிக்க வழியில்லை. கணினி இதைப் பிழை என்று எச்சரிக்காது; தவறான அணியைத் தந்துவிடும். அமைப்பை முதலில் சரிபார்ப்பது நம் பொறுப்பு.

2. ஐந்து மாறிகளும் வரும் ச6 என்ற சார்பைச் சேர்த்தால் எல்லா நிரல்களும் மோதும். அந்த ஒரு நிரையை மட்டும் விடையிலிருந்து பின்னோக்கிச் சங்கிலி விதியால் ஒரே சுற்றில் எடுக்கலாம். மொத்தம் 4 சுற்று.

3. கீழ்வகுப்புகளில் வகையிடல் வேண்டாம். பொதுவான மாணவர்கள் உள்ள பாடங்களின் தேர்வு ஒரே நாளில் வராதபடி, மிகக் குறைந்த நாட்களில் அட்டவணை போடச் சொல்லுங்கள். கருத்து அதுவே.