கோடையிற் சீனம் பயிலுந் தமிழாசிரியர்

ஆசிரியர்க்கு விடுமுறை என்பது ஓய்வுக்குரிய காலமென்றே பலரும் கருதுவர். அவ்விடுமுறையிற் கடல் கடந்து சென்று, நாற்பது வயதின் மேல், முன்னறியாத மொழியொன்றை அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது சிலர்க்கு வியப்பாகலாம். சீனத் தலைநகராகிய பெய்சிங்கிலே பிறநாட்டார்க்குச் சீனங் கற்பித்தற்கென 1962ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கல்விக்கூடம், இன்று பெய்சிங் மொழி பண்பாட்டுப் பல்கலைக்கழகம் என விளங்குகின்றது. அந்நகரிலே கோடைதோறும் பிறநாட்டார் பொருட்டுக் குறுங்கால வகுப்புகள் நடைபெறுவதுண்டு. ஒரு கோடையில் நாம் பயின்ற அளவிற் கண்டவற்றுள், தமிழ் கற்பிப்போர்க்குப் பயன்படுவன சிலவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் எதிர்ப்படுவது தொனி. சீனப் பொதுமொழியில் நான்கு தொனிகள் உள. ஓங்கிச் சமனாக நிற்பது ஒன்று, ஏறுவது ஒன்று, தாழ்ந்து பின் எழுவது ஒன்று, மேலிருந்து விரைந்து இறங்குவது ஒன்று. 'மா' என்னும் ஓரசை இந்நான்கினாலும் முறையே தாய், சணல், குதிரை, வைதல் எனப் பொருள் வேறுபடும். 'மை' என்பதை மூன்றாந் தொனியிற் கூறின் வாங்குதல். நான்காந் தொனியிற் கூறின் விற்றல். சந்தைக்குச் செல்வார் இவ்விரண்டையும் முதலிலே பயின்றுகொள்ளுதல் நலம். நாம் வினவும்போது குரலை உயர்த்துவோம்; சினந்தால் தாழ்த்தி அழுத்துவோம். தமிழிற் குரலின் ஏற்றவிறக்கம் உள்ளக் குறிப்புக்கு உரியது. சீனத்திலோ அது சொல்லின் உறுப்பு. ஆதலின் தமிழர் தம் வழக்கப்படி வினாவுக்காகக் குரலை உயர்த்தினால், வினா பிறவாது வேறு சொல்லே பிறந்துவிடும்.

மூன்றாந் தொனிச் சொல் இரண்டு அடுத்து வரின் முன்னது இரண்டாந் தொனியாகத் திரியும். முதல்நாட் பாடத்திற் பயிலும் 'நீ ஹாவ்' என்னும் வணக்கமொழியிலேயே இத்திரிபு உண்டு. எழுத்திற் காட்டப்படாது, ஒலியில் மட்டும் நிகழும். மேலைநாட்டு மாணாக்கர் இதனைத் தனிவிதியாக மனனஞ் செய்து வருந்த, புணர்ச்சியிலக்கணம் கற்ற நமக்கு இது பழகிய வீட்டிற் புகுவது போன்றிருந்தது. அவ்வணக்கத்தில் வரும் 'நீ' என்பதற்கு நம் 'நீ' என்பதே பொருள். இவ்வொன்றைக் கொண்டு இருமொழியும் ஓரினமென நூலெழுதப் புகுவாரும் உளராகலாம். இது தற்செயலான ஒற்றுமை. நாம் அவ்வழிச் செல்லேம்.

1958ஆம் ஆண்டிற் சீன அரசு ஏற்றுக்கொண்ட உரோம எழுத்துமுறை ஒன்று உண்டு. அம்முறையில் நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தைக் கண்டவுடன் ஆங்கிலம் பயின்றோர் அதற்கு ஆங்கில ஒலியையே கொடுப்பர். உண்மையில் அது 'பால்' என்னுஞ் சொல்லின் முதலில் நாம் ஒலிக்கும் பகரமே. பதினாறாம் எழுத்தோ மூச்சு மிகுந்த பகரம், தமிழில் இல்லாதது. வாய்க்கு முன் மெல்லிய தாளொன்றைப் பிடித்தால், இரண்டாவதற்கு அது அசையும்; முதலாவதற்கு அசையாது. வகுப்பறைக்கேற்ற எளிய சோதனை இது.

இலக்கணத்தில் தமிழர்க்கு ஆறுதல் பல. 'நேற்று வந்த மனிதர்' என்று பெயரெச்சத்தை முன்வைப்பது போலவே சீனரும் அடைமொழித் தொடரைப் பெயர்க்கு முன் வைப்பர். வாக்கியத்தின் ஈற்றில் ஓர் இடைச்சொல்லைச் சேர்த்தால் வினாவாகும். நம் ஆகார வினாவை நினைக. பெய்சிங்கார் பேச்சிற் 'ட்சன்மன்' என்பது கேட்போரையும் உளப்படுத்திய 'நாம்'. 'வொமன்' என்பது அவரை நீக்கி நிற்கும் 'நாங்கள்' என்னும் பொருளிலும் வரும். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. அண்ணன், தம்பி, அக்கை, தங்கை ஆகிய நால்வர்க்கும் தனித்தனிச் சொற்கள் உள. வினைச்சொல் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்பத் திரிவதில்லை. இது எவர்க்கும் எளிது.

எழுத்தே பெருமலை. 1988இல் வெளியிடப்பட்ட பட்டியலின்படி பெருவழக்கான எழுத்துகள் 2500. அடுத்த நிலையின 1000. நாளொன்றுக்குப் பத்து என முயன்றாலும் நாற்பது நாளில் 400 அளவே கைகூடும். நம் 247 எழுத்துகளை மிகுதியென்று குறைகூறுவோர் இக்கணக்கை நோக்குவாராக. ஆயினும் சீனவெழுத்து ஒழுங்கற்ற குவியலன்று. பெரும்பாலானவற்றில் ஒருபாகம் பொருட்குறிப்பையும் மறுபாகம் ஒலிக்குறிப்பையும் தரும். தாயைக் குறிக்கும் 'மா'வில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. குதிரை அங்கு ஒலிக்காக மட்டும் நிற்கின்றது. மரத்தின் வடிவை இரண்டாக எழுதினால் தோப்பு. மூன்றாக எழுதினால் அடர்காடு.

இனி, நாம் சொல்லவிரும்பும் முதன்மையான செய்தி. சீனத்தில் ரகரம் போல எழுதப்படும் ஒலியொன்று பலர் நாவில் நம் ழகரத்தை நெருங்கி ஒலிக்கும். ழகரத்தை ளகரமாகவே பேசிப் பழகிய யாழ்ப்பாணத்தார்க்கு அங்கே இடர் நேரும். நம் வகுப்புகளில் ழகரம் வாராத பிள்ளையை எழுப்பி நிறுத்தி, "சொல், மீண்டுஞ் சொல்" என்று பத்துமுறை வருத்துவது வழக்காயிருக்கின்றது. சீன வகுப்பில் முதல் வாரம் முழுவதும் மாணாக்கர் பேசியதிலும் கேட்டதே மிகுதி. ஆசிரியை இரண்டு ஒலிகளை மாறிமாறிச் சொல்ல, எது எதுவெனக் கைவிரலாற் காட்டுவதே பாடம். செவி வேறுபடுத்தாத ஒன்றை நா வேறுபடுத்தாது. சிங்கள மாணாக்கர்க்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் பொறுப்பு நம்மிற் பலர்க்கு உண்டு. அவர் மொழியில் ழகரம் இல்லை. அவர்க்கு முதலில் ஒலியைக் கேட்பிக்காமல் வாசிப்பைக் கேட்பது கொடுமையென்றே நாம் கருதுகின்றோம். தாய்மொழியின் அருமை எங்கேயுள்ளது என்பது அதனைத் தாயிடம் கற்றவர்க்குத் தெரிவதில்லை.

சீனமும் தமிழும் ஒரே கல்லில் நிற்பதைக் காண விரும்புவோர் கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் செல்லலாம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ நிறுவியதும், 1409ஆம் ஆண்டைக் குறித்ததும், 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டதுமாகிய சாசனம் அங்கேயுள்ளது. சீனப்பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி தென்னாவரை நாயனாரையும், பாரசீகப்பகுதி இசுலாத்தையும் போற்றிக் காணிக்கைகளைக் கூறும். அச்சீனம் பழைய இலக்கிய நடையினது. ஒரு கோடைப் பயிற்சி அதற்குப் போதாது. எனினும் தொடக்கத்தில் நிற்கும் இரண்டெழுத்தை முதல் வாரத்து மாணாக்கரும் வாசித்துவிடலாம். ஒன்று 'பெரிய', மற்றது, ஞாயிறும் திங்களும் அருகருகே எழுதப்பட்டு 'ஒளி' எனப் பொருள்படும் 'மிங்'.