பழவேற்காட்டு மீனின் எடை

சரக்குப் போக்குவரத்து என்றவுடன் லாரியும் ரயிலும் கப்பலுமே நம் நினைவுக்கு வருகின்றன. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வழியாகச் சென்னைக்குப் போகும் இறால், நண்டுப் பெட்டிகளும் சரக்கே. அவை நாளொன்றுக்கு எவ்வளவு என்று அறிய, புள்ளியியல் பயிற்சிக்காக மூன்று நாள் காலையில் குறிப்பேட்டுடன் மீன் சந்தையில் நின்றேன்.

முதல் இடர் அலகுதான். வலைக்காரர் கூடைக் கணக்கில் சொல்கிறார். வியாபாரி பெட்டிக் கணக்கில் சொல்கிறார். பெட்டியின் எடையில் ஐஸும் அடக்கம். மீனுக்குச் சம எடை ஐஸ் என்பது நூல் விதி. ஆனால் தூரத்தையும் வெயிலையும் பார்த்து அவரவர் கைக்கணக்கில் போடுவதே வழக்கம். ஆதலால் பெட்டிகளை எண்ணிப் பெருக்கியபோது மீனோடு தண்ணீரையும் எடை போட்டிருக்கிறேன்! கழி நண்டோ கால் கட்டப்பட்டு உயிரோடு போவதால் அதற்கு ஐஸே இல்லை. போதாக்குறைக்கு, கரையில் ஏலம் போன மீனையே வியாபாரியின் வண்டியிலும் மறுபடி எண்ணிவிட்டேன்.

இன்னொரு பிழையை வீட்டில்தான் உணர்ந்தேன். வண்டிகளை மட்டுமே குறித்திருந்தேன். என் அத்தையைப் போல அன்னக்கூடையோடு பேருந்தில் ஏறும் பெண்கள் என் கணக்கில் வரவேயில்லை.

அரசுப் பதிவேடுகளில் கிடைக்காதா என்று கேட்கலாம். 2018-இல் வந்த மின்வழிச் சீட்டு, சரக்கைப் பற்றி நிறையச் சொல்லும். ஆனால் வரியில்லாப் பொருளான பச்சை மீனுக்கு அது தேவையில்லை. சுங்கச்சாவடியின் பாஸ்டேக் வண்டியை அறியும், உள்ளே இருப்பதை அறியாது. இதே ஊரில் 1613-இல் ஜெல்டிரியா கோட்டை கட்டிய டச்சுக் கம்பெனி துணி ஏற்றுமதி செய்தது. அக்கம்பெனியின் கணக்கேடுகள் இன்றும் ஹேக் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இலாபமோ வரியோ பெறுபவர் இருக்கும் இடத்தில்தான் கணக்கும் இருக்கிறது போலும்.

"கணக்குச் சொன்னா வரி வரும் தம்பி, சொல்லாட்டி ஒண்ணும் வராது" என்றார் ஒரு வியாபாரி. அவரைக் குறை கூற மனம் வரவில்லை. ஆயினும் தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் ஏறி இறங்கும் சரக்குக்கெல்லாம் டன் கணக்கு உண்டு. துறைமுக விரிவாக்கம், முகத்துவாரம் என்று பேச்சு எழும்போது ஏரிப் பக்கம் எடுத்து வைக்க எண் எதுவும் இல்லை.

அடுத்த முறை ஐஸ் விற்பவரிடமிருந்து தொடங்க எண்ணுகிறேன். பத்துப் பெட்டிகளையாவது ஐஸ் போடுமுன் ஒரு முறையும் போட்டபின் ஒரு முறையும் நிறுக்க வேண்டும். பேருந்துக் கணக்கைப் பார்த்துக்கொள்வதாக அத்தை சொல்லியிருக்கிறார்.