துப்பாக்கி வாங்குறதுக்கு முன்னாடி கண்ணாடி வாங்குங்க

மார்ச் மாசம் வந்தா எல்லா டிபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்லயும் ஒரே பேச்சுதான். ஃபைனல் இயர் முடியறதுக்குள்ள கிரவுண்ட்ல ஒரு தண்ணித் துப்பாக்கிச் சண்டை வெச்சே ஆகணும். டீம் பிரிச்சாச்சு, டீ-ஷர்ட் கலர் முடிவாச்சு, ஆளுக்கு இவ்வளவுன்னு காசும் வசூல் பண்ணியாச்சு. அந்தக் காசு மொத்தமும் துப்பாக்கிக்கே போயிடறது வழக்கம். அதுல ஒரு பங்கை முதல்ல கண்ணுக்கு ஒதுக்குங்கன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

"தண்ணிதானே, என்ன ஆயிடப் போகுது?" நியாயமான கேள்வி. பதில் நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புத்தகத்துலயே இருக்கு. துப்பாக்கியைத் தரைக்குப் பக்கத்துல, 45 டிகிரி சாய்ச்சுப் பிடிச்சு ஒரு தடவை அடிங்க. தண்ணி எத்தனை மீட்டர் தள்ளி விழுதுன்னு அளந்துக்கோங்க. 10 மீட்டர்னு வெச்சுக்குவோம். காற்றுத் தடையை விட்டுட்டா, போய் விழுற தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால வகுத்தது. அப்படின்னா தண்ணி வெளிய வர்ற வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 10 மீட்டர். இப்போ வெலாசிட்டி ஹெட் கணக்கு போடுங்க. வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தோட இரண்டு மடங்கால வகுக்கணும். விடை 5 மீட்டர், அதாவது அளந்த தூரத்துல சரிபாதி! கால்குலேட்டரே வேணாம். துப்பாக்கி எவ்வளவு தூரம் அடிக்குதோ, அதுல பாதி உயரத்துக்கு நிக்கிற நீர்த்தூணோட அழுத்தம் அதோட வாய்ல இருக்கு. காற்றுத் தடையையும் சேர்த்துப் பார்த்தா நிஜத்துல அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும்.

நம்ம கண்ணுக்குள்ள இயல்பா இருக்கிற அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். நடுவுல 16-ன்னு எடுத்தா, தண்ணிக் கணக்குல சுமார் 22 சென்டிமீட்டர். அந்தப் பக்கம் 500 சென்டிமீட்டர், இந்தப் பக்கம் 22.

உடனே பயந்துடாதீங்க. கண்ணோட வெளிச்சுவர் நல்ல உறுதியானது, தண்ணி பட்டதும் ஒண்ணும் உடைஞ்சிடாது. தாரையும் சில மீட்டர் போனதும் துளித்துளியா சிதறி வலுவிழந்துடும். பிரச்சினை பக்கத்துல இருந்து அடிக்கும்போதுதான். பெரிய பந்து முகத்துல பட்டா, அடியில ஒரு பங்கைக் கண்ணைச் சுத்தி இருக்கிற எலும்பு வாங்கிக்கும். பென்சில் தடிமன்ல வர்ற தாரை அந்த எலும்புக்கு நடுவுல நேரா உள்ள போயிடும். கண் சிமிட்டிக் காப்பாத்திக்கலாமான்னா, சிமிட்டறதுக்கே சுமார் 0.1 விநாடி ஆகும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்துல தண்ணி அதுக்குள்ள ஒரு மீட்டர் வந்துடும். இப்படி அடி வாங்கினா கருவிழிக்குப் பின்னாடி ரத்தம் கட்டலாம், விழித்திரை வீங்கலாம், மோசமான நேரத்துல கிழியவும் கிழியலாம். தண்ணி பலூனை ரப்பர் கவண்ல வெச்சு விடுறது இன்னும் ஆபத்து. அதை விளையாட்டுல சேர்க்கவே சேர்க்காதீங்க.

இந்த அழுத்தம் எல்லாம் பொம்மைக்குள்ள எப்படி வந்துச்சுன்னா, அதுக்குக் காரணமும் ஒரு எஞ்சினியர்தான். நாசாவோட ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில வேலை பார்த்த லானி ஜான்சன், 1982-ல ஃப்ரியானுக்குப் பதிலாத் தண்ணியில ஓடுற ஹீட் பம்ப் ஒண்ணை வீட்ல சோதிச்சுக்கிட்டு இருந்தார். பாத்ரூம்ல நாசில்ல இருந்து பீய்ச்சி அடிச்ச தாரையைப் பார்த்து வந்த யோசனைதான், பம்ப் அடிச்சுக் காற்றை அடைச்சுத் தண்ணியைத் தள்ளுற துப்பாக்கி. 1990-ல கடைக்கு வந்தப்போ அது பேரு பவர் டிரென்ச்சர், அடுத்த வருஷம் சூப்பர் சோக்கர். காற்று அடைக்கிற வகையில தண்ணி காலியாக ஆக அழுத்தம் இறங்கும் (பாயில் விதி, வேற என்ன). 1996-ல வந்த சிபிஎஸ் 2000 காற்றுக்குப் பதிலா ரப்பர் பையை உப்ப வெச்சது. அதுல அழுத்தம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவா இருக்கும். நம்ம ஊர்ல ஹோலி சமயத்துல கிடைக்கிற பிச்காரி வெறும் பிஸ்டன், கை எவ்வளவு அமுக்குதோ அவ்வளவுதான். ஆனா அதையும் பலசாலி ஒருத்தன் பிடிச்சா கணக்கு மாறிடும். எந்த வகையா இருந்தாலும் அந்தப் பாதித்தூர அளவை எடுத்துப் பாருங்க.

சரி, எந்தக் கண்ணாடி? கூலிங் கிளாஸ் வேணாம், பக்கவாட்டுல திறந்திருக்கும். பவர் கண்ணாடியும் பாதுகாப்புக் கணக்குல வராது. நீச்சல் கண்ணாடி தண்ணியை நிறுத்தும், ஆனா அடி தாங்குறதுக்குன்னு செஞ்சது இல்ல. போன வருஷம் ஒருத்தன் பைக் ஹெல்மெட்டோட வந்து நின்னான். ஐடியா தப்பில்ல, ஆனா பத்து நிமிஷத்துல வேர்வையில நனைஞ்ச அளவுக்கு அவனை யாரும் தண்ணியில நனைக்கல.

வேண்டியது கெமிஸ்ட்ரி லேப்ல போடுற மாதிரி முகத்தோட ஒட்டி உட்கார்ற பாலிகார்பனேட் காகிள்ஸ். ஹார்டுவேர் கடையிலயே கிடைக்கும், சாதாரண ரகம் ஏறக்குறைய ஒரு பிரியாணி விலைதான். வாங்கும்போது காற்றுத் துளையைப் பாருங்க. நேரா ஓட்டை போட்ட மாதிரி இருந்தா தண்ணி உள்ள வந்துடும், மூடி வெச்ச மாதிரி வளைஞ்சு போற துளைதான் நமக்கு. அப்புறம் பொறிச்சிருக்கிற எழுத்து. அமெரிக்கத் தரத்துல இசட்87+ இருந்தா வேகமா வர்ற பொருளோட அடி தாங்கும், டி3 இருந்தா திரவம் தெறிக்கிறதைத் தடுக்கும். ஐரோப்பிய ஈ.என். 166-ல ஃபிரேம்ல 3-ன்னு இருக்கிறதுதான் அந்தத் திரவக் குறி. லென்ஸ்ல எஃப் எழுத்து இருந்தா, 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்துல வந்து மோதினாலும் தாங்கும்னு அர்த்தம். பி எழுத்துன்னா 120 மீட்டர். நம்ம இந்தியத் தரம் ஐ.எஸ். 5983. எந்தக் குறியும் இல்லாத பளபள கண்ணாடியை போட்டோவுக்கு வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, இந்தத் திரவச் சோதனை எல்லாம் தெறிக்கிற துளிகளுக்குத்தான், பீய்ச்சி அடிக்கிற தாரைக்கு இல்ல. அதனால கண்ணாடி போட்டிருந்தாலும் முகத்துக்கு நேரா குறிவைக்கக் கூடாது.

எல்லாரும் காகிள்ஸைக் கழட்டுறதுக்கு ஒரே காரணம், பனி மாதிரி மங்குறது. ஒரு சொட்டு பேபி ஷாம்பூவை உள்பக்கம் தேய்ச்சு, லேசா அலசி, உதறிக் காயவிடுங்க. பரப்பு இழுவிசை குறைஞ்சு நீராவி துளியா நிக்காம மெல்லிய படலமாப் பரவிடும். மங்கினா கோட்டுக்கு வெளிய வந்துதான் துடைக்கணும், விளையாட்டு நடுவுல தூக்கி நெத்தியில வைக்கக் கூடாது.

பவர் கண்ணாடி போடுறவங்க அதுக்கு மேலயே மாட்டுற பெரிய சைஸ் காகிள்ஸ் வாங்குங்க. கான்டாக்ட் லென்ஸை அன்னைக்கு ரூம்லயே விட்டுட்டு வாங்க. தொட்டித் தண்ணியில இருக்கக்கூடிய அகந்தமீபாங்கிற நுண்ணுயிர் லென்ஸுக்கு அடியில தங்கினா கருவிழியையே கெடுத்துடும். அதே காரணத்துக்காகப் பழைய சம்ப் தண்ணியும் வேணாம். கலர்ப்பொடி, சோப்பு எதையும் கலக்காதீங்க.

மத்தது எல்லாம் சுலபம். பின்பட்டி இல்லாத செருப்பு வேணாம். ஜீன்ஸ் நனைஞ்சா நடக்கவே முடியாது, ஸ்போர்ட்ஸ் ஷார்ட்ஸ் போதும். டைல்ஸ் போட்ட வராண்டா பக்கம் ஓடுறதுக்குத் தடை போடுங்க. போன் ஐபி68-ன்னு தைரியமா எடுத்துட்டு வராதீங்க. அந்த 8 தண்ணிக்குள்ள முங்குறதுக்கான சோதனை, பீய்ச்சி அடிக்கிறதுக்கு 5, 6-ன்னு தனிச் சோதனை இருக்கு. 40 பேர், ஆளுக்கு ஒரு லிட்டர் டேங்க், 15 தடவை நிரப்பினா 600 லிட்டர். மூணு டிரம். ஹாஸ்டலுக்குத் தண்ணி லாரி வர்ற வாரத்துல இதை வெச்சா வார்டன் விடமாட்டார், விடவும் கூடாது.

விதி ரெண்டு வெச்சாப் போதும்: கண்ணாடி இல்லாதவங்க கையில துப்பாக்கி இல்ல, மூணு மீட்டருக்குள்ள வந்தா சுடாம "சரண்டர்"னு சொல்லணும். நடுவரும் தண்ணி நிரப்புறவங்களும் காகிள்ஸ் போட்டே ஆகணும். கவனிக்காம அடி வாங்குறது பெரும்பாலும் அவங்கதான்.

அப்படியும் யாருக்காவது கண்ணுல நேரா பட்டுட்டா, தேய்க்க விடாதீங்க, அமுக்காதீங்க. பார்வை மங்கல், வலி, கருவிழிக்குள்ள சிவப்பு, மின்னல் மாதிரி வெளிச்சம், கரும்புள்ளி மிதக்கிறது, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போகணும். காலையில பார்த்துக்கலாம்னு சொல்றவனை நம்பாதீங்க. போற வழியில தலையை உயர்த்தி உட்கார வையுங்க. பேப்பர் கப்போட அடிப்பாகத்தை வெட்டிக் கண்ணு மேல படாம மூடி டேப் ஒட்டுங்க. வலிக்குதுன்னு ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ குடுக்க வேணாம், உள்ள ரத்தக் கசிவு இருந்தா அதிகமாகும். பக்கத்துல இருக்கிற கண் ஆஸ்பத்திரியோட நம்பரையும், அன்னைக்கு யார்கிட்ட பைக் இருக்குன்னும், டீம் லிஸ்ட் போடுற அதே குரூப்ல முந்தின நாள் ராத்திரியே பின் பண்ணி வெச்சிடுங்க.