கம்பியில்லாக் கருவிகளை இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை

வீட்டிலிருந்தபடியே செல்போன் மூலம் பம்ப்செட்டை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவிகள் இன்று பல தோட்டங்களில் உள்ளன. மண்ணின் ஈரத்தை அளந்து சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பியில்லா வழிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. அவை சேரும் இடத்தில் காவல் இல்லையென்றால் மோட்டாருக்கும் ஆளுக்கும் ஆபத்து நேரிடலாம்.

தரமணி நிறுவனத்தின் அனுபவம்

பல வழிகளை இணைத்துச் செய்தி அனுப்புவது கிராமத்துக்குப் புதிதல்ல. சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. வில்லியனூர் நடு நிலையமாக இருந்தது. தொலைபேசியுடன் வி.எச்.எப். ரேடியோவும் பயன்படுத்தப்பட்டது. மின்சாரம் நின்றால் உதவ சூரிய ஒளிப் பலகைகள் வைக்கப்பட்டன. வெளியிலிருந்து வந்த விவரங்களை வில்லியனூர் ஊழியர்கள் தமிழில் எழுதிக் கிராமங்களுக்கு அனுப்பினர். வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். உடனே மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யப்பட்டது. மக்கள் ஊரை விட்டு வெளியேறி உயிர் தப்பினர். தொலைபேசியில் வந்த செய்தி ஒலிபெருக்கிக்கு மாறிய இடத்தில் ஆள் இருந்தார். சொன்னவர் யார் என்பதும் தெரிந்திருந்தது. ஆகவே செய்தியை நம்ப முடிந்தது.

பெட்டியே மடை

தோட்டத்தில் அந்த ஆளின் வேலையை ஒரு சிறு பெட்டி செய்கிறது. வயலில் உள்ள ஈரமானி 'லோரா' என்னும் ரேடியோ வழியில் பெட்டிக்குச் செய்தி அனுப்பும். திறந்த வெளியில் இது சில கிலோமீட்டர் வரை எட்டும். பெட்டி அச்செய்தியை சிம் கார்டு வழியாக செல்போனுக்கு அனுப்பும். அருகில் நின்று பெட்டியைச் சரிசெய்ய புளூடூத் அல்லது வைபை உதவும்.

பிறர் படிக்க முடியாதபடி செய்தியைச் சங்கேதமாக்குவதே அதற்குப் பூட்டு. ஒவ்வொரு வழிக்கும் தனிப் பூட்டு உண்டு. பல கருவிகளில் ஒரு வழியில் வந்த செய்தி பெட்டியில் திறக்கப்பட்டு, வேறு பூட்டுப் போட்டு அடுத்த வழியில் போகிறது. வாய்க்கால் கரை எவ்வளவு பலமாக இருந்தாலும் மடையைத் திறந்து போட்டால் தண்ணீர் நிற்காது. அதுபோலவே ஒரு வழி எவ்வளவு பாதுகாப்பானதாக இருந்தாலும் பெட்டி ஏமாந்தால் பயனில்லை.

ஏமாற்றுவது இரண்டு விதம். ஒன்று, வேறொருவர் எண்ணைத் தன் எண் போலக் காட்டி அழைப்பது. ஆகவே எண்ணை மட்டும் நம்பும் கருவி போதாது. ரகசிய எண்ணும் கேட்க வேண்டும். இரண்டு, முன்பு போன 'ஓடு' என்னும் கட்டளையைப் பிடித்து வைத்து மறுபடி அனுப்புவது. கட்டளைக்கு வரிசை எண் இடும் கருவி பழைய கட்டளையை ஏற்காது.

செய்ய வேண்டியவை

1. கருவியுடன் வந்த 0000, 1234 போன்ற ரகசிய எண்ணை முதல் நாளே மாற்ற வேண்டும்.

2. குடும்பத்தார் எண்களை மட்டும் பதிவு செய்ய வேண்டும். சிம் தொலைந்தால் உடனே அந்த எண்ணை முடக்குவதுடன் பெட்டியிலிருந்தும் நீக்க வேண்டும்.

3. பெட்டியில் உள்ள சிம்மின் எண்ணை வெளியே எழுதி வைக்கக் கூடாது. பெட்டியைப் பூட்டி வைப்பது நல்லது.

4. வேலை முடிந்ததும் புளூடூத் இணைப்பை மூடிவிட வேண்டும். வைபைக்கு எளிதில் ஊகிக்க முடியாத கடவுச்சொல் வைக்க வேண்டும்.

5. வாங்கும்போது, ஒவ்வொரு வழியிலும் செய்தி சங்கேதமாகப் போகிறதா, பழைய கட்டளையைக் கருவி மறுக்குமா என்று கேட்டறிய வேண்டும்.

6. தண்ணீர் இல்லாமல் ஓடினாலோ, ஒரு பேஸ் விட்டுப் போனாலோ மோட்டாரை நிறுத்தும் அமைப்பு ஸ்டார்ட்டரிலேயே இருக்க வேண்டும். இது சிக்னலை நம்பி இருக்கக் கூடாது. தவறான கட்டளை வந்தாலும் மோட்டார் கருகாது.

முக்கிய எச்சரிக்கை: தூரத்திலிருந்து ஓட்டும் மோட்டார் எந்த நேரமும் ஓடத் தொடங்கலாம். கிணற்றில் இறங்குவதற்கும் மோட்டாரில் கை வைப்பதற்கும் முன்னால், மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டையைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். செல்போனில் 'நிறுத்து' என்று அழுத்தியதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.