இரண்டு மொழிக்கு இரண்டு விசை



லினக்ஸ் கணினியில் தமிழையும் ஆங்கிலத்தையும் மாற்றி மாற்றி அடிக்கிற வேலைக்கு வருகிறவர்கள் எழுத்துருவைப் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள், அகராதியைப் பற்றி விசாரிக்கிறார்கள். மொழி மாற்றும் ஷார்ட்கட்டைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கணினி எதைக் கொடுத்ததோ அதையே வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அடிக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒரு நாளில் வேறெந்த ஷார்ட்கட்டையும் விட அதிகமாக அழுத்துவது இதைத்தான். அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே இதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிவிடு.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை டெர்மினலில் பார்க்கலாம். நிர்வாகி அனுமதி வேண்டிய கட்டளையைக் கொடுத்ததும் சூடோ பாஸ்வேர்டு கேட்கும். வழக்கமாக, அடிப்பது எதுவும் திரையில் தெரியாது, ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டு அந்த நேரம் தமிழில் நின்றிருந்தால், விரல்கள் சரியான விசைகளில்தான் விழுந்திருக்கும், ஆனால் பாஸ்வேர்டு தவறென்று வரும். திரும்ப அடித்தாலும் அதே பதில். மூன்று முறை தவறியதும் சூடோ கட்டளையைக் கைவிட்டுவிடும். விம் எடிட்டரிலும் இதே கதை. தமிழில் ஒரு பத்தி எழுதி முடித்து எஸ்கேப்பை அழுத்தியபின், கீழே இறங்க ஜே விசையைத் தட்டினால் கர்சர் நகராது. விம்முக்குப் போய்ச் சேர்ந்தது ஜே அல்ல, ஒரு தமிழ் எழுத்து.

அழுத்த அழுத்த மொழி மாறிக்கொண்டே போகும் ஷார்ட்கட்டின் குணம் இது. இப்போது எந்த மொழியில் நிற்கிறோம் என்று தெரிந்தால்தான் அதைச் சரியாக அழுத்த முடியும். திரையின் ஓரத்தில் மொழியின் குறி தெரியத்தான் செய்கிறது, ஆனால் எழுதுகிறவரின் கண் அங்கே இருப்பதில்லை. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலும் பிறகு ஆப்பிளிலும் வேலை செய்த லாரி டெஸ்லர், ஒரே விசை நேரத்துக்கு ஒரு வேலை செய்யும் ‘மோட்’களை வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். ‘நோ மோட்ஸ்’ என்பதைத் தன் காரின் நம்பர் பிளேட்டிலேயே பொறித்து வைத்திருந்தார்.

ஜப்பானுக்கான மேக் கீபோர்டுகளில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. ஸ்பேஸ் பாருக்கு இடப்பக்கம் எய்சூ என்றொரு விசை, வலப்பக்கம் கனா என்றொரு விசை. இடதைத் தட்டினால் ஆங்கிலம், வலதைத் தட்டினால் ஜப்பானியம். ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருக்கும்போது எய்சூவைத் தட்டினாலும் எதுவும் கெடாது. அதனால் சந்தேகம் வந்தால் கண்ணை நகர்த்தாமல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுதப் போகலாம். உன் கணினியிலும் மொழிக்கு ஒரு விசை என்று பிரித்துவிடு. இந்தக் கடிதம் முழுக்க அதற்காகத்தான்.

லினக்ஸில் இது முடியும், ஆனால் எந்த அடுக்கில் அமைப்பது என்று முதலில் தெரிய வேண்டும். விசையை எழுத்தாக மாற்றும் அடித்தளம் எக்ஸ்கேபி. அதற்கு முந்தைய எழுத்து நினைவில் நிற்காது, இந்த விசைக்கு இந்த எழுத்து என்ற அட்டவணைதான் அதனிடம் உண்டு. இன்ஸ்கிரிப்ட் தட்டச்சு முறைக்கு அது போதும், தமிழ்99 முறைக்குப் போதாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற அந்த முறையில், ‘அம்மா’ என்று எழுத ஏ, கே, கே, க்யூ என்று நான்கே தட்டுகள். இரண்டாவது மகரம் விழுந்ததும் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக வருகிறது, க்யூ விசையின் ஆகாரம் துணைக்காலாகிறது. முன்னால் என்ன எழுத்து இருந்தது என்று பார்க்கிற ஒரு நிரல் இருந்தால்தான் இது நடக்கும். ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் 5 ஆகியவை அந்த மேலடுக்கு. எம்17என் தொகுப்பை நிறுவினால் இரண்டிலும் தமிழ்99 கிடைக்கும்.

இன்ஸ்கிரிப்ட் அடிக்கிறவர்களுக்கு வழி சுலபம். கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பின் கீபோர்டு அமைப்பில் ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் எதிரே தனி ஷார்ட்கட் கொடுக்க ஒரு கட்டம் இருக்கிறது. எக்ஸ்கேபியின் விருப்பப் பட்டியலிலும் கேப்ஸ்லாக் அழுத்தினால் முதல் லேஅவுட், ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் இரண்டாவது என்று ஒரு தேர்வு உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாததால் கேப்ஸ்லாக் விசை பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது. தமிழ்99 அடிக்கிறவர்களுக்கு எஃப்சிஐடிஎக்ஸ் 5 பொருத்தம். அதன் பொது அமைப்பில் உள்ளீட்டு முறையை இயக்க ஒரு விசையும் நிறுத்த இன்னொரு விசையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். க்னோம் டெஸ்க்டாப் 2012-இல் வந்த 3.6 பதிப்பிலேயே ஐபஸைத் தனக்குள் சேர்த்துக்கொண்டதால் எல்லா மொழிகளும் ஒரே பட்டியலில் வந்துவிடுகின்றன. அது பெரிய வசதி. ஆனால் சூப்பரும் (விண்டோஸ் குறியுள்ள விசை) ஸ்பேஸும் சேர்ந்த அதன் ஷார்ட்கட் சுழற்றுகிற வகைதான், மொழிக்கு ஒரு விசை கொடுக்க அதன் அமைப்புப் பக்கத்தில் இடமில்லை. க்னோமை விட மனமில்லை என்றால், ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி மொழி என்ற தேர்வையாவது போட்டுவை. டெர்மினல் ஆங்கிலத்திலும் லிப்ரே ஆபிஸ் தமிழிலும் அப்படியே நிற்கும், பாதித் தடுமாற்றம் குறையும்.

விசையைத் தேர்ந்தெடுக்கும்போது சில இடங்களைத் தொடாதே. விண்டோஸிலிருந்து வருகிறவர்கள் பழக்கத்தில் ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேர்த்துக் கேட்பார்கள். எக்ஸ் என்ற திரைச் சூழலில் விசையை விடும்போது அல்ல, அழுத்தும்போதே மொழி மாறிவிடுவதால், ஆல்ட், ஷிஃப்ட், டேப் மூன்றையும் அழுத்தி முந்தைய விண்டோவுக்குப் போகிறவர்களுக்குக் கூடவே மொழியும் மாறித் தொலைக்கும். கன்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்ந்தால் டெர்மினலில் நகலெடுப்பது சிக்கலாகும். கன்ட்ரோலும் ஸ்பேஸும் ஈமாக்ஸில் உரையைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கும் இடம். வலது ஆல்ட்டையும் விட்டுவிடு, ரூபாய்க் குறி உள்ள இந்திய ஆங்கில லேஅவுட்டில் அதை 4-உடன் சேர்த்தால்தான் ₹ விழும்.

பட்டியலில் ஆங்கிலம் முதலில் இருக்கட்டும். எக்ஸ் ஒரே நேரத்தில் நான்கு லேஅவுட்டுகளைத்தான் தாங்கும், அதனால் நிறுவும்போது ஆசைக்குச் சேர்த்த மற்றவற்றை நீக்கிவிடு. உள்நுழைவுத் திரை வழக்கமாகக் கணினி முழுவதற்குமான அமைப்பைத்தான் பார்க்கும், உன் கணக்கில் செய்த மாற்றம் அங்கே எட்டாது. எல்லாம் முடித்தபின் ஒருமுறை வெளியேறி, மறுபடி உள்ளே வந்து, பாஸ்வேர்டு ஆங்கிலத்தில்தான் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கு.