எம்டன் காலத்துக் கப்பல் கருவிகள்: இனங்காணவும் பேணவும் சில குறிப்புகள்

உடுவில், இணுவில், சுன்னாகம் பக்கத்தில் ஜேர்மனியில் ஒரு சொந்தக்காரராவது இல்லாத வீடு குறைவு. லீவில் வருகிறவர்கள் சொக்கிலேட்டோடு சிலவேளை அங்கத்தைய பழைய சாமான் சந்தையில் வாங்கிய பித்தளை வட்டம் ஒன்றையும் கொண்டுவந்து விறாந்தையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ‘கப்பல் சாமான்’ என்பதற்கு மேல் அதைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இன்னும் சில வீடுகளில் பெடியன் எம்டன் கப்பலின் பிளாஸ்டிக் மாதிரியை ஒட்டிக்கொண்டிருப்பான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்துவிட்டு, இலங்கையின் கிழக்குக் கரையோரமாக இறங்கிப் போன அதே ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன்தான். அதன் கட்டளைத் தளத்தில் நிற்கும் தூண்களும் முகப்புகளும் என்னவென்று அவன் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? ஜேர்மன் மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதும்.

1. முதலில் கிழக்கைப் பாருங்கள். கப்பல் திசைகாட்டியில் ஊசி தனியாகச் சுழலாது. எழுத்துள்ள தட்டே சுழலும். அந்தத் தட்டில் வடக்குக்கு வலப்புறம் உள்ள எழுத்து, சாமான் எந்த நாட்டுக்குச் செய்யப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கில ‘ஈ’ இருந்தால் பெரும்பாலும் ஜேர்மன் அல்ல. வட்டமான ‘ஓ’ இருந்தால் ஜேர்மனாக இருக்கலாம். உடனே முடிவு கட்டிவிட வேண்டாம், ஒல்லாந்தரும் கிழக்குக்கு ‘ஓ’ தான் போடுவார்கள். ஆகவே அடுத்து தெற்கைப் பாருங்கள். ‘எஸ்’ என்றால் ஜேர்மன். ‘இசட்’ என்றால், 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தவர்களின் நாட்டுச் சாமான். அந்த ‘ஓ’ மேற்குப் பக்கத்தில் இருந்தால் பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பெயின் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

2. இடுப்பளவு தூண், அதன் தலையில் திசைகாட்டி, இரு தோள்களிலும் தேங்காயளவு இரும்பு உருண்டைகள். படத்தில் இப்படி ஒன்று தெரிந்தால் அது காந்தத் திசைகாட்டியின் பீடம். கப்பலே இரும்பு என்பதால் அது ஊசியை இழுத்துக் கெடுக்கும். அந்த இழுப்பைச் சரிக்கட்டத்தான் உருண்டைகள். உருண்டை ஒன்றும் இல்லாமல், சுவரிலோ சிறு தாங்கியிலோ திசைத்தட்டு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் கைரோ திசைகாட்டியின் துணைமுகப்பு. கீல் நகரத்து அன்ஷூட்ஸ் நிறுவனத்தின் கைரோ 1908இல் ‘டொய்ச்லாண்ட்’ என்ற போர்க்கப்பலில் சோதிக்கப்பட்டது. சுழலும் சில்லை வைத்து வடக்கைக் கண்டுபிடிக்கும் கருவி அது. இரும்பு அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

3. எல்லாரும் ‘மணிக்கூடு’ என்று நினைத்து ஏமாறும் சாமான் டெலிகிராஃப். சாப்பாட்டுக் கோப்பையளவு முகப்பு, பக்கத்தில் பெரிய கைபிடி, உள்ளே ஒரு மணி. கப்டன் மேலிருந்து கைபிடியைத் தள்ளினால், சங்கிலியும் கம்பியும் கீழே இயந்திர அறை வரை இழுபட்டு அங்குள்ள முள்ளை நகர்த்தும். கீழே இருப்பவர் தன் கைபிடியை அதே இடத்துக்குக் கொண்டுவந்து பதில் சொல்வார். மேலே இரண்டாவது முள் அசையும், மணி அடிக்கும். ஒரு முகப்பில் இரண்டு முள்ளும், மணி, நிமிட எண்களுக்குப் பதில் சொற்களும் இருந்தால் வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

அந்தச் சொற்களையும் பழகிக்கொள்ளலாம். ஒரு பாதியின் தலைப்பில் ‘ஃபொராவுஸ்’ என்றிருக்கும்: முன்னோக்கி. மறுபாதியில் ‘சூரூக்’: பின்னோக்கி. ஆங்கில ‘வீ’யில் தொடங்குவது முன்னே, ‘இசட்’டில் தொடங்குவது பின்னே என்று மனதில் வைத்தால் போதும். இடையில் வரும் ‘லங்ஸாம்’ மெதுவாக, ‘ஹல்ப்’ அரை வேகம், ‘ஃபொல்’ முழு வேகம். போர்க்கப்பலில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. ‘ஆ-கா’ என்ற இரண்டெழுத்துச் சுருக்கம், இயந்திரத்தில் உள்ள பலம் முழுவதையும் கொடு என்ற கட்டளை. இது வியாபாரக் கப்பலா போர்க்கப்பலா என்று தடுமாறும்போது அந்த இரண்டெழுத்தைத் தேடிப் பாருங்கள்.

4. டெலிகிராஃப் எத்தனை என்று எண்ணினால், கீழே எத்தனை உந்திகள் சுழல்கின்றன என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எம்டனுக்கு இரண்டு நீராவி இயந்திரம், இரண்டு உந்தி. இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிஸ்மார்க்குக்கும் பிரின்ஸ் ஒய்கனுக்கும் மும்மூன்று. டீசலில் ஓடிய கிராஃப் ஸ்பேக்கு இரண்டு. பழைய படத்தில் கப்பலின் பெயர் இல்லாவிட்டால் இந்த எண்ணிக்கை நல்ல துப்பு.

5. நடுவில் பூச்சியம், இருபுறமும் 35 பாகை வரை எண்கள், இடப்பாதி சிவப்பு, வலப்பாதி பச்சை. இது சுக்கான் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று காட்டும் முகப்பு. ஜேர்மன் கப்பலில் இடப்பக்கம் ‘பக்போர்ட்’, வலப்பக்கம் ‘ஷ்டொயர்போர்ட்’. சுருக்கமாக ‘பீ-பீ’ என்றும் ‘எஸ்-டீ-பீ’ என்றும் எழுதியிருப்பார்கள்.

6. இதற்கு இரட்டைப் பிறவி போல் தெரிவது சாய்வுமானி. அதற்கும் நடுவில் பூச்சியம் உண்டு, இருபுறமும் பாகைகள் உண்டு. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் விளங்கிவிடும். சுக்கான் காட்டிக்குப் பின்னால் மின்கம்பியோ தண்டோ நுழையத் துளை இருக்கும். சாய்வுமானிக்கு வெளித்தொடர்பு ஒன்றும் தேவையில்லை. உள்ளே தொங்கும் ஊசல் அல்லது கண்ணாடிக் குழாயில் ஓடும் குமிழ், அவ்வளவுதான். வீட்டுச் சுவரில் மாட்டினால் மேசன் கட்டிய சுவர் எவ்வளவு நேர் என்பதையும் அது சொல்லிவிடும். மேசனுக்கு முன்னால் மாட்ட வேண்டாம்.

7. பிஸ்மார்க், பிரின்ஸ் ஒய்கன் போன்ற பிந்திய கப்பல்களின் படத்தில் சுக்கான் சக்கரத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அவற்றில் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என்று இரண்டு பொத்தான்களை அழுத்தித்தான் கப்பலைத் திருப்பினார்கள். எம்டன் காலத்தில் சக்கரம்தான். மாதிரிக் கப்பல் ஒட்டும் பெடியனுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

8. சுவரோரமாகப் புனல் வாயோடு நிற்கும் பித்தளைக் குழாய்கள் பேச்சுக்குழாய்கள். வாயில் ஊதல் பொருத்திய மூடி இருக்கும். இந்தப் பக்கத்தால் ஊதினால் அடுத்த பக்கத்தில் சத்தம் கேட்கும், பிறகு மூடியைத் திறந்து கதைக்கலாம். மின்சாரம் நின்றாலும் வேலை செய்யும் என்பது இதன் சிறப்பு. ஆனால் ஒரு குண்டு துளைத்தால் கதை முடிந்தது. 1914 நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலோடு மோதியபோது எம்டனின் சுக்கானும் தூரமானியும் பேச்சுக்குழாய்களும் பழுதாகின. அதற்குப் பிறகு கப்டன் வொன் முல்லருக்கு மிஞ்சிய வழி கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றுவதுதான். கட்டளைத் தளத்துப் பித்தளை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சண்டையைச் சொல்வேன்.

9. குறுக்கே வைத்த நீளக் குழாய், இரு நுனியிலும் கண்ணாடிச் சாளரம், நடுவில் கண் வைக்கும் இடம் என்றால் தூரமானி. இதைத் தொலைநோக்கி என்று விற்கப் பார்ப்பார்கள். குழாய் நீள நீளத் தூரக் கணக்கு திருத்தமாக வரும். 2004இல் மொன்டெவிடியோ கடலிலிருந்து தூக்கிய கிராஃப் ஸ்பேயின் தூரமானித் தொகுதி ஏறத்தாழ 27 தொன்.

10. நமக்கு உண்மையில் பயன்படக்கூடிய ஒரே கப்பல் கருவி காற்றழுத்தமானி. ஜேர்மன் முகப்பில் எண்கள் 720 முதல் 790 வரை மில்லிமீற்றரில் இருக்கும். ஆங்கிலச் சாமானில் 28 முதல் 31 வரை அங்குலம். ‘ஷ்டுர்ம்’ புயல், ‘ரேகன்’ மழை, ‘ஷோன்’ நல்ல வானிலை. இந்தச் சொற்களை நம்பி உடுப்புக் காயப்போட வேண்டாம். அவை வடகடல் வானிலைக்கு எழுதியவை. நம் மாரி மழை, முள் நடுவில் நிற்கும்போதே கொட்டும்.

பார்க்க வேண்டியது நேற்றைய இதே நேரத்தோடு உள்ள வித்தியாசத்தை. நம் பக்கத்தில் அழுத்தம் காலை 10 மணியளவில் ஏறி, பின்னேரம் 4 மணியளவில் இறங்கும். இரவிலும் இப்படி ஒரு சுற்று நடக்கும். இந்த ஏற்ற இறக்கம் வழமையானது, பயப்பட ஒன்றுமில்லை. அந்த நேரத்துக்குரிய வழமையான அளவிலிருந்து 3 மில்லிபார், அதாவது இரண்டு மில்லிமீற்றரளவு இறங்கினால் கவனம். 5 மில்லிபார் இறங்கினால் புயல் பக்கத்தில் வந்துவிட்டது என்று கப்பற்காரர் எடுத்துக்கொள்வார்கள். கார்த்திகை, மார்கழியில் நாளுக்கு இருமுறை ஒரு கொப்பியில் குறித்துவைத்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படும். கருவியைத் திருத்துவதென்றால் வானிலை அறிக்கையில் வரும் கடல்மட்ட அழுத்தத்தைப் பார்த்துப் பின்பக்கத் திருகை மெல்லத் திருப்புங்கள். உடுவில் மேடு அல்ல என்பதால் உயரத்துக்கென்று தனிக் கணக்குத் தேவையில்லை.

11. முகப்பின் எண்களில் மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ தடித்த பூச்சு இருந்தால் கவனம். இருட்டில் ஒளிர்வதற்காக 1910கள் முதல் 1960கள் வரை ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள். இப்போது ஒளிரவில்லை என்பதால் ஆபத்துப் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். ஒளிரும் பொருள் செத்துப்போகும், ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1600 ஆண்டு வேண்டும். திறக்கவோ சுரண்டவோ கூடாது. கண்ணாடி உடைந்த சாமான் என்றால் வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். பிள்ளைகளின் படுக்கையறையில் எந்த நிலையிலும் வைக்கக் கூடாது.

12. பழப்புளியும் சாம்பலும் குத்துவிளக்குக்கு. கப்பல் கருவிக்கு வேண்டாம். வெள்ளி பூசிய முகப்பில் புளி பட்டால் எண்கள் அழிந்துவிடும், எண் போனால் விலையும் போய்விடும். தேசிக்காயும் அப்படித்தான். மெல்லிய பருத்தித் துணியால் உலரத் துடைத்தால் போதும். வெளிப்பித்தளை கறுத்திருப்பது அழகுதான், சேகரிப்பவர்கள் அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

13. திசைகாட்டியை ஒலிபெருக்கிக்கும் கைத்தொலைபேசிக்கும் இரும்பு அலுமாரிக்கும் எட்ட வையுங்கள். உள்ளே திரவம் குறைந்து குமிழ் விழுந்திருந்தால் தேங்காயெண்ணெய் ஊற்றி நிரப்பும் எண்ணம் வேண்டாம், தட்டு ஒட்டிக்கொள்ளும். பழைய நெட்டைக் காற்றழுத்தமானியில் பாதரசம் இருக்கும். அதைக் கிடத்தித் தூக்காதீர்கள். உடைந்தால் தும்புத்தடியால் கூட்டவும் கூடாது.

14. வாங்குவதற்கு முன் பெயரையும் ஆண்டையும் ஒத்துப் பாருங்கள். ‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917’ என்று பொறித்த பித்தளைத் திசைகாட்டி எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. கெல்வினும் ஹியூசும் ஒரே நிறுவனமாக இணைந்தது 1947இல். மிச்சத்தை நீங்களே யோசியுங்கள். ஸ்வஸ்திகா அல்லது கழுகு பளிச்சென்று பொறித்த ‘ஜேர்மன் கடற்படை’ச் சாமான்களிலும் புதிதாகக் குத்தியவை நிறைய. உண்மையானதாகவே இருந்தாலும் ஜேர்மனியில் அந்தச் சின்னத்தைப் பகிரங்கமாகக் காட்டுவது சட்டப்படி குற்றமாகலாம் என்பதால், அங்குள்ள மருமகனிடம் அதை வாங்கிவரச் சொல்லாமல் இருப்பது நல்லது.

15. அசல் சாமான் பார்க்க ஆசையென்றால் சொந்தக்காரரின் லீவுப் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். கீலுக்குப் பக்கத்தில் லாபோ கடற்கரையில் யூ-995 நீர்மூழ்கிக்குள் நுழைந்து கருவிகளைக் கிட்ட நின்று பார்க்கலாம். பிரின்ஸ் ஒய்கனின் உந்தி ஒன்றும் அங்கேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உள்ளவர்களுக்கு எம்டனின் மணி கன்பராப் போர் நினைவகத்திலும் அதன் பீரங்கி ஒன்று சிட்னி ஹைட் பார்க்கிலும் உண்டு. சென்னைக்குப் போகிறவர்கள் உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் எம்டன் சுட்ட இடத்தைக் குறிக்கும் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வரலாம்.